அடைப்புக்குறிக்குள் வராதவன்

ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கிறவர்கள் ஒரு நடை கீழைச்சிறுவாயில் ஏரிக்கரைக்கு வந்துவிட்டுப் போகட்டும். அங்கே மடைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் துண்டை உதறிப்போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கட்டும், அவரே சொல்வார், ஏனென்றால் அவரே ஒரு விட்டுப்போன அடைப்புக்குறிதான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நட்டமில்லை. ஊர் நம்பிப் பல வருஷமாகிறது.

அந்த ஊரில் பழைய அரிசி ஆலையின் மாடியில் வட்டார ஆவணப் பதிப்புக் கழகம் என்று ஒன்று உண்டு. அதன் பதிப்பாசிரியர் கயற்கண்ணி. கோயில் சுவரிலும் ஏரிக்கரையிலும் புதரிலும் கிடக்கிற எழுநூறு எண்ணூறு வருஷத்துக் கல்லெழுத்துகளைத் தேடிப்போய், கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றிப் படியெடுத்து வந்து, மாடியில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்து, குறிப்பு எழுதிப் புத்தகமாகப் போடுவது அவள் வேலை. முப்பத்தொரு வருஷமாக அதே வேலை. கண் போயிற்று, இடுப்பு போயிற்று, கல்யாணப் பேச்சு எப்போதோ போயிற்று. வருகிற தை மாதம் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு ஒரு மாதம் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையில்லை, அந்தத் தையும் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு சத்தியம்தான். படித்ததைப் படித்தபடி போடு, ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போடு, தெரியாததற்குப் புள்ளி வை. ஏரி மடையில் நிற்கிற கல்லில் பதினாலு வரி இருந்தது. ஊரார் கூடி, இந்த மடையைச் செய்துகொடுத்தவர் இன்னார், மடையைத் திறந்து அடைக்கிற உரிமையும் மேலக்கரைக்கும் கீழக்கரைக்கும் முறைவைத்துத் தண்ணீர் பகிர்கிற உரிமையும் சந்திரரும் சூரியரும் உள்ளவரை இன்னாருக்கே, என்று எழுதிக்கொடுத்த சாசனம். பார்த்தால், அந்த இன்னார் யார் என்கிற இடத்தில்தான் ஒன்பதாவது வரியில் மூன்று விரற்கடைக் கல் பெயர்ந்து போயிருந்தது. கயற்கண்ணி யோசித்து யோசித்து ‘உய்யவந்தான்’ என்று நிரப்பினாள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஓர் உய்யவந்தான் மேல்தான் விழ வேண்டும், அத்தனை பேருக்கு அந்தப் பேர். இடைவெளிக்கும் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அடைப்புக்குறிக்குள்தான் போட்டாள். நான்கு புரூஃபிலும் அது இருந்தது.

ஐந்தாவது புரூஃபில், கணினியில் பக்கம் கட்டுகிற ஜெபமணி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“மேடம், இந்த அடைப்புக்குறி ரெண்டும் சேந்தா வரி மடங்கி அடுத்த பக்கத்துக்கு ஓடுது. அது ஓடுச்சுன்னா பின்னாடி முந்நூறு பக்கமும் நகரும். சொல்லடைவு மொத்தமும் தப்பாயிரும்.”

சொல்லடைவு என்றால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் போடுகிற பட்டியல். அதை அவள் நாலாயிரம் அட்டையில் கையால் எழுதி, ஒன்றரை வருஷம் அடுக்கியிருந்தாள். நியாயமாகப் பார்த்தால் “ஓடட்டும்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஜுரமா, வீட்டில் சாவா என்றெல்லாம் கேட்காதீர்கள், ஒன்றுமில்லை, அலுப்பு. வெறும் அலுப்பு.

“எடுத்துடு ஜெபமணி. யாரு பாக்கப்போறா” என்றாள்.

புத்தகம் வந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாடியேறிப் போனால், வெளி பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரைக்கும் ஏரிச்சேறு காய்ந்து வெடித்திருந்தது.

“யாரப்பா நீ?”

“உய்யவந்தான். மடை திறந்து அடைக்க உத்தரவாயிருக்கு.”

“எந்த ஊரு? அப்பா பேரென்ன?”

“அதெல்லாம் எழுதலையேம்மா” என்றான் அவன், குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னான்.

கயற்கண்ணிக்கு விளங்கிவிட்டது. அவள் அலறவில்லை, மயங்கி விழவில்லை. ஐயோ, இன்னொரு வேலையா என்று மட்டும் நினைத்தாள். நினைத்துவிட்டு அவனுக்கும் சேர்த்து டீ சொல்லியனுப்பினாள். அதே புத்தகத்தில் வாழ்ந்து முடித்துக் கல்லில் பேரையும் பொறித்துவிட்டுப் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வர அவர்களுக்கென்ன தலையெழுத்து? பேர் கிடைத்து வாழ்க்கை கிடைக்காதவன் இவன் ஒருத்தன்தான். வந்துவிட்டான்.

ஊர் முதலில் கேட்டது, எந்த ஊரும் முதலில் கேட்கிறதைத்தான். நீ யாரு ஆளுங்க? அவனுக்குத் தெரியவில்லை. மேலக்கரைக்காரர்கள் புத்தகம் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள், கீழக்கரைக்காரர்கள் அதே புத்தகத்தை இரவல் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள், இரண்டு கரையும் சேர்ந்து தேடியும் பதினாலு வரிக்குள் அவன் யாருக்கும் மாமனாகவோ மச்சானாகவோ அகப்படவில்லை. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் முறைக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற ஊருக்கு, சொந்தமில்லாத, பந்தமில்லாத, ஒரு குழி நிலம்கூட இல்லாத மடைக்காரன் கிடைத்திருக்கிறான் என்றால் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். கூப்பிட்டு மடைச்சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டார், அவன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினான், “உனக்காவது புத்தகத்துல இருக்குய்யா, எங்க தாத்தாவுக்கு அதுகூட இல்ல” என்று அவர் கையெழுத்துப் போட்டார். பிறந்த தேதிக்கு, ஊரில் பாதிப்பேருக்குப் போட்ட மாதிரியே, ஜூன் ஒன்று.

இப்படியே அவன் ரேஷன் கடை வரிசையில் நின்றான், தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்டான், டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து இந்தக் காலத்துப் பேச்சைப் பேசப் பழகினான், மேலக்கரைக்குப் பகல் என்றால் கீழக்கரைக்கு இரவு என்று ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் தண்ணீர் விட்டான். ஏரி மீனைக் கூடையில் வைத்து விற்கிற செவந்தி அவனைக் கட்டிக்கொண்டாள். “மாமியா இல்ல, நாத்தனா இல்ல, பழங்கத பேச ஒரு பெரியப்பன் இல்ல, இப்படி ஒரு மாப்பிள்ள எந்தச் சாமியக் கும்பிட்டாலும் கெடைக்காது” என்று சந்தையில் நின்று சொன்னாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் மாடிக்கு வந்து, “நீங்கதாம்மா பேரு வைக்கணும்” என்றபோது, “எப்பா சாமி, நான் இனிமே யாருக்கும் பேரு வைக்கறதா இல்ல” என்று கயற்கண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். செவந்தியே பொன்னி என்று வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவன் கெண்டை மீன் கொண்டுவந்து கொடுப்பான். கயற்கண்ணி வாங்கிக்கொள்வாள், அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஓர் ஆள் நடந்து வருகிறான், சிரிக்கிறான், பிள்ளைக்குச் சளி என்கிறான், அத்தனையும் தன் சோம்பேறித்தனம் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு பார்ப்பது?

எட்டாம் வருஷம் மழை பொய்த்தது. வறண்ட ஏரியில் பொக்லைன் இறக்கித் தூர்வாரினார்கள். அதே சமயம் மாடியில் இரண்டாம் பதிப்புக்குப் புரூஃப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் உய்யவந்தான் வந்தான், வெள்ளிக்கிழமைகூட இல்லை. துண்டில் சுற்றிவைத்திருந்ததை எடுத்து மேஜையில் வைத்தான். மூன்று விரற்கடைக் கல்.

“மடைக்கு நேரா, ஆறடி ஆழத்துல கெடந்துச்சும்மா.”

“நீ படிச்சுட்டியா?”

“எனக்கு இந்த எழுத்து மட்டுந்தானே தெரியும்” என்றான். “இது நான் இல்லம்மா.”

அவள் கல்லைக் கழுவி, சுண்ணாம்புப்பொடி தடவி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். ஆளுடைநாச்சி என்று இருந்தது. ஒரு பொம்பளை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட, அந்த இடைவெளியில் ஒரு பொம்பளை நின்றிருக்கலாம் என்று, பொம்பளையான தனக்கே தோன்றவில்லையே என்று கயற்கண்ணிக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது, காது சுட்டது. இரண்டு பேரும் ஏரிக்குப் போய்ப் பொருத்திப் பார்த்தார்கள். பெட்டிக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது, ஒரு நூல் இடைவெளி இல்லை.

“அவதாம்மா கட்டியிருக்கா. போட்டுருங்க” என்றான் உய்யவந்தான். “பொன்னிக்குப் பள்ளிக்கூடத்துல அப்பா பேருன்னு எழுதியிருக்காங்க. அது மட்டும் அழியாதுல்ல?”

அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் புரூஃபை எடுத்து, ஒன்பதாவது வரியில், அந்தப் பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தாள். அரைமணி நேரம் ஆகியிருக்காது, செவந்தி மீன் கூடையைக்கூட இறக்காமல், பிள்ளையை இழுத்துக்கொண்டு படியேறி ஓடிவந்தாள்.

“அக்கா, டீச்சர் அப்பா பேரக் கேட்டாங்களாம், இந்தப் புள்ள முழிக்குதாம். அறிவுகெட்டவளேன்னு அடிக்கப் போறேன், எனக்கும் வரமாட்டேங்குது! நாக்கு நுனியில நிக்குது. ஏழு வருஷமா கூப்பிடற பேருக்கா! ஏரியில அந்த மனுசன் ஒரு கைய இன்னொரு கையால தடவித்தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என்னக்கா பண்ணுனீங்க?”

புரூஃப் பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடித்த சொல்லைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் அழித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சொல்லுக்கு அடியில் புள்ளிபுள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள். கயற்கண்ணி ஏழெட்டுப் புள்ளி வைத்து அந்தச் சொல்லை எழுதினாள். “உய்யவந்தான்!” என்றது பொன்னி, வாய்ப்பாடு ஞாபகம் வந்த மாதிரி. செவந்தி கூடையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“அந்த மனுசன் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலக்கா” என்றாள்.

கழகத்தின் செயலாளர் வயிரவன் காதுக்கு விஷயம் போயிற்று. நல்ல மனிதர்தான், வெற்றிலை போடாமல் யோசிக்கமாட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

“இதுல என்னம்மா இருக்கு? ஆளுடைநாச்சின்னு சத்தமில்லாம மாத்திட்டுப் போங்க. ஊரு உலகத்துல எல்லாப் பதிப்பிலயும் நடக்கறதுதானே.”

“சத்தமில்லாம மாத்துனா அவன் போயிருவான் சார்.”

“அப்ப மாத்தாதீங்க.”

“தெரிஞ்சே அந்தப் பொம்பளைய மறுபடியும் புதைக்கச் சொல்றீங்களா? ஒரு தடவை தெரியாம செஞ்சாச்சு.”

“பின்ன என்னதான் செய்யணுங்கறீங்க?”

அவள் அதை ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பதிப்பில் தள்ளிய பாடத்துக்கும் ஓர் இடம் உண்டு, பக்கத்தின் அடியில். “மேல ஆளுடைநாச்சி. அடிக்குறிப்புல உய்யவந்தான். முதல் பதிப்புல இந்தப் பேரு இருந்துச்சு, இது கல்லுல இல்ல, பதிப்பாசிரியர் ஊகிச்சது, அடைப்புக்குறி போடாம விட்டது கைத்தவறில்ல, தெரிஞ்சே செஞ்ச குற்றம், அப்படின்னு என் பேரு போட்டு எழுதணும்.”

வயிரவன் மெல்வதை நிறுத்தினார். “எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ண விட்டவ எத்தனைய விட்டாளோன்னு கேப்பாங்க. ஆயிரத்து நூத்து நாப்பது சாசனம், மூணு தொகுதி, உங்க ஆயுசு மொத்தமும் போச்சு. நான் கழகத்தக் காப்பாத்தணும்னா உங்களத்தான் அனுப்பணும், ஒவ்வொரு கல்லா திரும்பப் போயி, ஒவ்வொரு எழுத்தா சரிபாத்துட்டு வாங்கன்னு. இந்த இடுப்ப வச்சுக்கிட்டுப் போவீங்களா?”

கயற்கண்ணி சன்னலோரம் போய் நின்றாள். ஆயிரத்து நூற்று நாற்பது கல். முள்ளுக்காடு, வெயில், பஸ், பாம்புப் புற்று, கோயில் பூட்டியிருக்கும், சாவிக்காரர் வெளியூர் போயிருப்பார். அவளுக்கு அழுகை வந்தது, தன்னை நினைத்துத்தான் வந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மாதத் தூக்கம் கேட்டாள், அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கு ஒரு வரி மடங்கி ஓடியிருந்தால் நாலாயிரம் அட்டையோடு போயிருக்கும். அப்போது மிச்சம்பிடித்த அலுப்பெல்லாம் இப்போது வட்டிபோட்டு வந்து நிற்கிறது.

திரும்பி வந்து, மேஜையில் உட்கார்ந்து, அடிக்குறிப்பை எழுதினாள். நாலு வரி. கடைசியில் தன் பேரை முழுசாகப் போட்டாள். ஜெபமணியைக் கூப்பிட்டு, “இது சேந்தா பக்கம் ஓடுமா?” என்றாள்.

“ஓடும் மேடம். முந்நூறு பக்கமும் ஓடும்.”

“ஓடட்டும்.”

இரண்டாம் பதிப்பு அச்சகத்திலிருந்து வந்த காலையில் ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. உய்யவந்தான் இருந்தான். இருந்தான், ஆனால் அடிக்குறிப்பின் எழுத்து சின்னதாயிற்றே, ஒரு முழம் குறைந்துவிட்டான். செவந்தியின் தோளுக்குத்தான் வந்தான், குரலும் சன்னமாயிற்று. ஊர் அதையும் ஒரு நாள் பேசியது, மறுநாள் தையல்காரர் அவன் சட்டைகளை வாங்கிப்போய்ப் பிடித்துக்கொடுத்தார், டீக்கடைக்காரர் அவனுக்கென்று ஒரு குட்டை ஸ்டூல் போட்டார். அப்பா தலையில் தானே துண்டு கட்டிவிடலாம் என்று பொன்னிக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

வயிரவன் சொன்னபடியே நடந்தது. கடுதாசி மேல் கடுதாசி வந்தது. எந்தப் பேராசிரியர் என்னவெல்லாம் எழுதினார் என்று சொல்லி உங்கள் காதைப் புளிக்க வைக்கமாட்டேன். வயிரவனும், பாவம், சொன்ன சொல் தவறாமல் ஆயிரத்து நூற்று நாற்பது கல்லின் பட்டியலைக் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் கயற்கண்ணி பையில் பிரஷ், தாள், சாய்வெளிச்சம் பிடிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, இடுப்புக்குத் தைலம் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கறுத்த, அகன்ற தோள், நரைத்த தலை, கை இரண்டும் கல்தச்சன் கை மாதிரி காய்த்திருந்தன. முழங்கால் வரைக்கும் ஏரிச்சேறு.

கயற்கண்ணி பையைக் கீழே வைத்தாள். பேர் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? அந்த ஆயிரம் பேரில் வாழ்ந்தும் பேரைப் பறிகொடுத்தவள் இவள் ஒருத்திதான். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “என் மடை எங்க தாயி?” என்றாள்.

மூன்று பேருமாக, அதாவது தகவல் தெரிந்து இடுப்புச்சாவி குலுங்க ஓடிவந்துவிட்ட உய்யவந்தானும் சேர்ந்து, கரைக்கு நடந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் ஏரி அடிவயிற்றில் கொஞ்சம் தண்ணீர் பிடித்திருந்தது. ஆளுடைநாச்சி மடைக்கல்லை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள், பொருத்திவைத்த மூன்று விரற்கடையைத் தடவினாள், மேலக்கரையையும் கீழக்கரையையும் மாறிமாறிப் பார்த்தாள், வாய்க்கால் இரண்டிலும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டமாகத் தண்ணீர் போன தடம் இருந்ததைக் குனிந்து விரல்வைத்து அளந்தாள். பிறகுதான் நிமிர்ந்து, தன் எதிரில் இரண்டு கையாலும் சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மனிதனைப் பார்த்தாள்.

“இவன் யாரு?”

கயற்கண்ணி முன்னால் வந்தாள். “உங்க எடத்துல நான் தப்பா எழுதினது ஆத்தா. அடியில போட்டு வச்சிருக்கேன்.”

உய்யவந்தான் தலைகுனிந்து நின்றான். கரைமேல் செவந்தி பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் சாவியை வாங்கினாள், கையில் ஏந்தி எடை பார்க்கிற மாதிரி பார்த்தாள், மடைக்குள் ஒரு காலை வைத்து இறங்கப்போனவள் நின்று திரும்பினாள்.

“இருக்கட்டும்” என்றாள்.